கரூர்: வளர்ந்த தொழிலும் வளராத திட்டமும்

அமராவதி காவிரியில் கலக்கும் திருமுக்கூடலூருக்குச் சற்று மேலே இருக்கிறது கரூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 70,980 பேர். பிறகு இனாம் கரூரும் தாந்தோணியும் சேர்ந்ததில் ஊர் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் நகரமானது. 1874இல் நகராட்சி, 1995இல் மாவட்டத் தலைநகரம், 2021இல் மாநகராட்சி என்று அரசாணைகள் அதன் அந்தஸ்தை உயர்த்திக்கொண்டே வந்தன. அந்தஸ்தைவிட வியப்பளிப்பது அதன் தொழில். அமெரிக்க, ஐரோப்பியச் சமையலறைகளுக்குப் போகும் கைத்துண்டும் ஏப்ரனும் மேசை விரிப்பும் இங்கிருந்துதான் கப்பலேறுகின்றன. தென்மாநிலங்களில் ஓடும் தனியார் பேருந்துகளில் கணிசமானவற்றுக்கு இங்கே கூண்டு கட்டப்படுகிறது. கொசுவலை நெய்யப்படுகிறது. அருகில் புகளூரில் காகித ஆலையும் சர்க்கரை ஆலையும், புலியூரில் சிமெண்ட் ஆலையும் இருக்கின்றன. 1916இல் ஒன்றும் 1926இல் ஒன்றுமாக இரண்டு வங்கிகள் இந்த ஊரில் பிறந்தன. இவையெல்லாம் ஒரு சிறுநகரத்தில் எப்படிச் சேர்ந்தன என்பது சுவையான கேள்வி. இனி நிலைக்குமா, நிலைக்க ஊரும் அரசும் என்ன செய்ய வேண்டும் என்பது அவசரமான கேள்வி. கரூரின் பெரும்பாலான தொழில்களை வளர்த்தது எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் அவை அடிபட்ட தருணங்களில் எல்லாம் திட்டம் இல்லாத குறை தெரிந்தது. நம் சிறுநகரத் திட்டங்கள் நிலத்தைத்தான் திட்டமிடுகின்றன. தொழிலோ ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வேலைகளின் தொடரில் நிற்கிறது. அந்தத் தொடரில் தனியொருவர் காசில் கட்ட முடியாத கண்ணி எதுவோ, அதைக் கட்டித் தருவதுதான் உள்ளூர்த் திட்டமிடலின் முதல் வேலை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு சமையலறைத் துண்டு உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். நூற்பாலையிலிருந்து நூல் கோன்களாக வருகிறது. கட்டம் போட்ட துணி என்றால் நூலிலேயே சாயம் ஏற்ற வேண்டும். சாயம் ஏறிய நூலை வண்ண வரிசைப்படி பாவு ஓட்டுகிறவர் ஒருவர். நெய்கிறவர் பெரும்பாலும் ஏற்றுமதியாளராக இருப்பதில்லை; பாவையும் ஊடையையும் வாங்கிக்கொண்டு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து தரும் விசைத்தறிக்காரர். துணி திரும்பி வந்ததும் வெட்டுகிறவர், ஓரம் மடித்துத் தைக்கிறவர், பிசிறு கத்தரித்துக் குறை பார்க்கிறவர், இஸ்திரி போட்டு மடித்து விலைச்சீட்டு ஒட்டிப் பெட்டி கட்டுகிறவர் என்று பல கை மாறித்தான் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் பெண்களே அதிகம். பஸ் பாடி கட்டுவதும் இதே போல்தான். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக, ஓட்டுநர் தலைக்கு மேலே கூரைகூட இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓடி வரும் வண்டி, வெல்டர், டிங்கர், பெயிண்டர், சீட் தைக்கிறவர், எலக்ட்ரீஷியன், கண்ணாடி பொருத்துகிறவர் என்று பல பட்டறைக்காரர்களின் உழைப்பில் பேருந்தாகிறது. ஒரே தொழில் செய்யும் சிறு பட்டறைகள் ஓரிடத்தில் கூடும்போது, தனித்தனியாக எவராலும் வாங்க முடியாத திறமையும் துணைத்தொழிலும் எல்லோருக்கும் பொதுவில் கிடைக்கின்றன என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் விளக்கினார். கரூர் அதற்குக் கண்கூடான சான்று. அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததையும், புகளூர்க் குகைக் கல்வெட்டு ஒன்று கருவூரைச் சேர்ந்த பொன் வணிகரைக் குறிப்பிடுவதையும் நினைத்தால், தொலைதூரச் சந்தையோடு தொடர்பு வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்றும் தெரிகிறது.

இப்படிப்பட்ட ஊருக்கு அரசு போடும் திட்டம் எப்படி இருக்கிறது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாராகும் முழுமைத் திட்டம், குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலத்துக்கு வண்ணம் தீட்டுகிறது. சாலையின் அகலத்தைச் சொல்கிறது. பேருந்து நிலையத்துக்கு இடம் பார்க்கிறது. இவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நின்றது, நூலுக்கு எங்கே சாயம் ஏறுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, தையல் வேலைக்கு எந்த ஊர்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள் என்பதற்கு அந்த வரைபடத்தில் இடம் கிடையாது. சொல்லப்போனால், சொல்வதற்கான தரவே அரசிடம் சரியாக இல்லை. சிறு பட்டறைகளையும் கணக்கில் எடுக்கும் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013இல் நடந்தது. 2019இல் தொடங்கிய ஏழாவது கணக்கெடுப்பின் முடிவுகள் ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் கிடந்தன. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. ஒரு மாநகராட்சி தன் அடுத்த இருபது ஆண்டை 2011இன் எண்களை வைத்து யோசிக்கிறது. எண்கள் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியும் கட்டடமே வளர்ச்சி என்று கொள்ளப்படுவதில் வியப்பில்லை. 2005இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டம் 40 சதவீத மானியம், 40 கோடி ரூபாய் உச்சவரம்பு என்ற கணக்கில் நிலமும் கொட்டகையும் பொது வசதிகளும் தந்தது. கரூருக்குத் தளப்பட்டியில் அப்படி ஒரு பூங்கா கிடைத்தது. அது பயனுள்ளதே. ஆனால் பூங்காவுக்குள் போக முடிந்தவர்கள் முதலீடு உள்ளவர்கள். கூலித்தறிக்காரர் வெளியேதான் இருக்கிறார். எல்லோருக்கும் பொதுவாக அறுந்துபோயிருந்த கண்ணி சாயம். அதைக் கட்ட ஒரு பூங்கா போதவில்லை.

சாயத்தின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தின் திட்டமிடல் தோற்ற இடம் அதுதான். பருத்தி நூலில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்துவிடுகிறது. அது நூலில் தங்குவதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. 1990களில் கரூரிலும் திருப்பூரிலும் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. பார்வைக்குத் தெளிந்த நீர் ஆற்றில் விடப்பட்டது, உப்பு வயலுக்கும் கிணற்றுக்கும் போனது. அமராவதிக் கரையில் இது நடந்துகொண்டிருக்க, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் பாசனத்துக்காக ஓர் அணை கட்டப்பட்டது. அந்தப் பாசனப் பரப்பில் பெரும்பகுதி கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகி, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2011 ஜனவரியில், திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கரூரிலும் நீதிமன்ற, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நெருக்கடியில் பெரும்பாலான பட்டறைகள் மூடப்பட்டன.

அந்த ஆணையைத் தொழிலுக்கு எதிரானது என்று பேசியவர்கள் உண்டு. அது தவறான பார்வை என்றே நினைக்கிறேன். ஒரே ஆற்றின் மேல்மடையில் இருக்கும் பட்டறைக்காரரும் கீழ்மடையில் இருக்கும் விவசாயியும் உட்கார்ந்து பேச ஒரு மன்றம் இருந்திருந்தால், உப்பு எவ்வளவு, அதைப் பிரிக்கச் செலவு எவ்வளவு, யார் பங்கு எவ்வளவு என்ற கேள்விகள் 1990களிலேயே எழுந்திருக்கும். மன்றம் இல்லாததால் நீதிமன்றம் அந்த வேலையைச் செய்தது. நீதிமன்றத்தால் மூடச் சொல்ல முடியும், அபராதம் விதிக்க முடியும். மாற்று வழிக்குப் பணம் திரட்டவோ இடம் தேடவோ முடியாது. அதன் பிறகுதான் திருப்பூரில் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைத்து, உப்பை மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை ஊன்றியது. செலவு அதிகம்தான். ஆனாலும் முடிகிறது என்று தெரிந்துவிட்டது. திருப்பூர் பெரிய ஊர், அரசியல் கவனமும் பெரிது. கரூருக்கு அந்த அளவு ஆதரவு கிடைக்கவில்லை. இன்று கரூர் நூல் சாயம் ஏற ஈரோடு, பெருந்துறைப் பக்கம் போய் வருகிறது. லாரி வாடகை ஒரு பக்கம். நிறம் சற்று மாறிவிட்டால் திருப்பி அனுப்பி வாங்கும் நாட்கள் இன்னொரு பக்கம். வாங்குபவர் குறித்த தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும்; சிறிய நிறுவனத்துக்கு ஒரே ஆர்டரில் ஆண்டு லாபம் போய்விடும்.

தொழில் தானே வழி கண்டுபிடித்துவிட்டதே, அரசு ஏன் தலையிட வேண்டும் என்று இங்கே கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. கரூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்பவை மாவட்ட எல்லைகளால் பிரிந்திருந்தாலும் தொழிலில் ஒரே வட்டாரம். எல்லாக் கண்ணியும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சாயம் இடம் மாறியதால் உப்பு மறைந்துவிடவில்லை. பவானி, ஈரோடு, கொடுமுடி வழியாகக் கீழே வரும் காவிரிதான் கரூருக்குக் குடிநீர். ஈரோட்டில் சுத்திகரிக்காமல் விடப்படும் கழிவு, கரூர் எந்த ஆற்றைக் காப்பாற்றப் பட்டறைகளை மூடியதோ அதைவிடப் பெரிய ஆற்றின் வழியே கரூருக்கே வந்துசேரும். இதைச் சந்தை கணக்கில் எடுக்காது. ஒரு மாவட்டத்தின் முழுமைத் திட்டமும் எடுக்காது. ஆற்றுப்படுகை அளவில் யோசிக்கும் திட்டம்தான் எடுக்கும்.

ஆற்றுப்படுகை அளவில் இல்லாவிட்டாலும், தொடரின் கண்ணிகளைப் பார்த்து யோசித்துச் செய்த ஒரு காரியம் கரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1979இல் மாநில அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984இல் புகளூரில் உற்பத்தியைத் தொடங்கியது. காட்டு மரத்தை நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது திட்டம். சக்கையைச் சர்க்கரை ஆலைகள் சும்மா வைத்திருக்கவில்லை. தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதனால் காகித நிறுவனம் ஆலைகளுக்கு வேறு எரிபொருளில் ஓடும் கொதிகலன்களைத் தந்து, நீராவிக்கு ஈடாகச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. ஆலையின் சுத்திகரித்த கழிவுநீரைச் சுற்று வட்டார விவசாயிகளின் சங்கம் மூலம் பாசனத்துக்குக் கொண்டுபோகும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன்மீது புகார்கள் உண்டு. கரும்பு குறையும் வறட்சி ஆண்டுகளில் சக்கைக்கும் தட்டுப்பாடு வருகிறது. இருந்தாலும் இங்கே அரசு வெறும் நிலம் ஒதுக்கியதோடு நிற்கவில்லை. யாரிடம் என்ன மிச்சம் இருக்கிறது, அது யாருக்கு மூலப்பொருளாகும், இடையில் எது தடை என்று பார்த்து, தடையைப் பணம் போட்டு நீக்கியது. துணித் தொழிலுக்கு இந்தக் கவனம் கிடைத்திருந்தால் கரூரின் நிலை வேறாக இருந்திருக்கும்.

கடன் என்னும் கண்ணியும் இப்படித்தான். 1916இல் பிறந்த கரூர் வைஸ்யா வங்கியும் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியும் வியாபாரிகளையும் விவசாயிகளையும் நேரில் அறிந்து கடன் தந்து வளர்ந்தவை. கையில் சொத்துப் பத்திரம் குறைவாகவும் ஆர்டர் நிறைவாகவும் இருக்கும் சிறு உற்பத்தியாளரின் நாணயத்தை உள்ளூரில் இருப்பவரால்தான் எடைபோட முடியும். முதல் வங்கி இன்றும் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. இரண்டாவது, சிறு கடனிலிருந்து பெருநிறுவனக் கடன்களின் பக்கம் திரும்பி, வாராக்கடனில் சிக்கியது. 2020 நவம்பர் 17இல் ரிசர்வ் வங்கியின் பரிந்துரைப்படி அதன்மீது தடை வந்தது. வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. பத்தே நாளில் சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு அது இணைக்கப்பட்டது. போட்ட வைப்புத்தொகை காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் முதல் முழுவதும் போனது. 94 ஆண்டுகளில் சேர்ந்த உள்ளூர் அறிவு என்ன ஆனது என்று எந்த மாவட்டத் திட்டமும் கேட்கவில்லை. வங்கி நடத்துவது மாநகராட்சியின் வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆர்டரையும் ஏற்றுமதி பில்லையும் ஈடாகக் கொண்டு கூலித்தறிக்காரர் வரை கடன் போய்ச் சேர்கிறதா என்று மாவட்ட அளவில் கண்காணிக்கும் வேலை யாருடையதாகவாவது இருக்க வேண்டும்.

பேருந்துக் கூண்டுத் தொழிலில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. ஏஐஎஸ் 052 என்ற பேருந்துக் கூண்டு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, அவசர வழி, கவிழ்ந்தால் தாங்கும் வலிமை, தீப்பிடிக்காத உள்பொருள் ஆகியவற்றுக்குச் சோதனையும் அங்கீகாரமும் தேவைப்படுகின்றன. பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விதிகள் இவை. தளர்த்தச் சொல்வது அறமாகாது. ஆனால் கைத்தேர்ச்சியால் கட்டிவந்த பட்டறைக்குக் கணினி வரைபடமும் சோதனைச் சான்றும் புதிய செலவு. சேசிஸ் செய்யும் பெரிய நிறுவனங்களோ முழுப் பேருந்தையே கட்டி விற்கத் தொடங்கிவிட்டன. இந்த ஊரிலேயே வடிவமைப்புக்கும் சோதனை முன்னேற்பாட்டுக்கும் ஒரு பொது மையம் இருந்தால் சிறு பட்டறைகள் விதியோடு சேர்ந்தே நிலைக்கும். ஒரு புறவழிச்சாலைக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும்.

இனி இரண்டு பெரிய மறுப்புகள். ஒன்று, நகரம் பெரிதானால் உற்பத்தித்திறன் கூடும், ஆகவே சிறுநகரங்களில் செலவழிப்பதைவிடத் தொழிலாளர் கோவைக்கும் சென்னைக்கும் போவதே நல்லது என்பது. சராசரிக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். ஆனால் காலையில் கம்பெனி வேனில் வந்து மாலையில் வீடு திரும்பும் கிராமத்துப் பெண், தையல் வேலை கோவைக்குப் போனால் கூடவே போக மாட்டார். பிள்ளையும் மாமியாரும் ஆடும் வீடும் இங்கே இருக்கின்றன. அவர் கூலி வேலையிலிருந்தே விலகிவிடுவார். கூலித்தறிக்காரரின் முதல் அவர் வீட்டோடு சேர்ந்த தறிக்கொட்டகையில் கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இடம்பெயர்வின் லாபத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த நஷ்டத்தைக் கழித்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, வெளியிலிருந்து ஒரு பெரிய தொழிற்சாலையைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் இறக்குமதி வரியை 50 சதவீதத்துக்கு உயர்த்தியபோது கரூரின் நெஞ்சு பதறியது. ஒரே சந்தையை, ஒரே பொருளை நம்பியது போதும், வேறு தொழில் வேண்டும் என்ற குரல் எழுந்தது இயல்பே. ஆனால் ஆபத்து சந்தையின் குறுகலில் இருக்கிறது. திறமை குறைவாக இருப்பதால் வந்த ஆபத்து இல்லை இது. வேறு சந்தைக்கு வேறு ரகம் வேண்டும். புது ரகத்துக்கு விரைவான மாதிரியும் நம்பகமான சாயமும் வேண்டும். மறுபடி அதே கண்ணியில்தான் வந்து நிற்கிறோம். ஒரு பெரிய ஆலை சில ஆயிரம் வேலை தரலாம்; இருக்கும் தொடரில் ஒட்டாவிட்டால், சலுகைக் காலம் முடிந்ததும் கிளம்பிப் போகவும் செய்யலாம். 2023இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா விருதுநகருக்குக் கிடைத்தது. நல்லது. ஆனால் கரூரின் கூலித்தறிகள் விருதுநகருக்குப் போகப்போவதில்லை.

இதையெல்லாம் செய்ய மாநகராட்சியிடம் பணம் எங்கே என்று கேட்டால், பிரச்சினையின் வேர் தெரியும். கரூர் ஏற்றுமதி இரட்டிப்பானாலும் கரூர் மாநகராட்சியின் வருவாய் இரட்டிப்பாகாது. சரக்கு சேவை வரி நுகரும் இடத்துக்குப் போகிறது. ஏற்றுமதிக்கு அந்த வரியே கிடையாது. உள்ளாட்சிக்கு நேரடியாக வரும் தொழில் வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியலமைப்பு வைத்த உச்சவரம்பு 1988இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு மாறவே இல்லை. சொத்து வரி 2008க்குப் பிறகு 2022இல்தான் உயர்த்தப்பட்டது. 14 ஆண்டு தாமதத்தை ஒரே அடியில் ஈடுகட்டப் போனதால் மக்களுக்குச் சுமை, கவுன்சிலர்களுக்குப் பழி. மாநில வரியில் உள்ளாட்சிகளுக்கு வரும் 10 சதவீதப் பங்கைக் கிராமங்களுக்கு 56, நகரங்களுக்கு 44 என்று ஐந்தாம் மாநில நிதி ஆணையம் பிரித்தது. அதிலும் ஊரின் உற்பத்திக்குத் தனி மதிப்பில்லை. தொழில் வளர்ந்தால் மாநகராட்சிக்குக் கூடுவது குப்பை, கழிவுநீர், நெரிசல், வருவாய் கூடுவதில்லை. இந்த நிலையில் தொழிலைத் திட்டமிட அதற்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? தொழில் வரி உச்சவரம்பை உயர்த்தி விலைவாசியோடு இணைப்பதும், மாவட்டத்தில் உருவாகும் உற்பத்தி வளர்ச்சியின் ஒரு சிறு பங்கை அந்த மாவட்ட உள்ளாட்சிகளுக்கே திருப்புவதும் டெல்லியும் சென்னையும் செய்ய வேண்டியவை.

பணமும் அதிகாரமும் கொடுத்தால் உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் கையில்தான் போய்ச் சேரும் என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. 1973 முதல் ஆரணி என்னும் சிறுநகரத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட்டின் ஆய்வுகள், சிறுநகரப் பொருளாதாரத்தை அரசைவிடச் சாதியும் குடும்பமும் வணிகர் சங்கங்களும் எவ்வளவு ஆழமாக இயக்குகின்றன என்று காட்டுகின்றன. கரூர் அதற்கு விலக்கில்லை. ஆனால் அதிகாரம் கொடுக்காமல் இருந்ததால் அந்தப் பிடி தளர்ந்ததா? ஊர்த் திட்டம் முதலாளிகளின் சங்கத்துக்கும் அமைச்சர் அறைக்கும் இடையில் முடிவாகிறது, தறித் தொழிலாளிக்கும் கீழ்மடை விவசாயிக்கும் வாசல் திறக்கவில்லை. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை விதித்து, அதில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சி உறுப்பினர்களால் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகரமும் ஒரே மேசையில் உட்காரச் சட்டம் தந்திருக்கும் இடம் அதுதான். அதை உயிர்ப்பித்து, கரூருக்கு ஒரு பொதுச் சாய வளாகம் பற்றிய முடிவை அதன் முன் வைக்கட்டும். ஆயக்கட்டு விவசாயிகளின் பிரதிநிதி அழைப்பாளராகவாவது அமர வேண்டும். வளாகம் மாதாமாதம் வாங்கிய உப்பின் எடையும் மீட்டெடுத்த உப்பின் எடையும் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால் அது ஆற்றுக்குத்தான் போயிருக்கும். அப்போது வளாகத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை அந்த விவசாயிகளுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்காத ஏற்றுமதியாளர்களுக்குப் பொதுப் பணத்தில் சாய வளாகம் கேட்கும் உரிமை இல்லை.